ஆறரைக் கட்டை

கேசட் பிளேயரில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். வேலை தேடிக்கொண்டிருந்த வருடம் அது. கையில் ஒரு பழைய கிதார், நண்பன் பதிவு செய்து கொடுத்த ஒரு கேசட், கூடவே நாள் முழுக்க நேரம். கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டு, அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகரும் கிதார்க்காரருமான சக் பெர்ரியின் ‘ஜானி பி. கூட்’. கிதார் மட்டும் தனியாக எடுக்கும் அந்த முதல் சில விநாடிகளை வாசித்துவிட்டால் போதும், பிறவிப் பயன் கிட்டிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் எந்தத் தந்தியை மீட்டினாலும் பாட்டோடு சேரவில்லை. கிதாரில் விரல் வைக்காமல் மீட்டினால் ஒலிப்பவை ஈ, ஏ, டி, ஜி, பி, மறுபடியும் ஒரு ஈ. கிதார்க்காரர்களுக்கு இவைதான் சொந்த வீடு. கை ஓயும்போது திறந்த தந்தி தானே ஒலித்துத் தாங்கிக்கொள்ளும். இந்தப் பாட்டோ ஏ-க்குக் கொஞ்சம் மேலே, பி-க்குக் கொஞ்சம் கீழே நின்றது. மோட்டார் வேகமாக ஓடுகிறது என்று முடிவு கட்டினேன். பேட்டரியை மாற்றினேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன். கடைசியில் கிதாரையே அரைச் சுரம் ஏற்றலாம் என்று முறுக்கியதில் மேல் தந்தி அறுந்து கன்னத்தில் கோடு போட்டது.

பெரியப்பா இளமையில் நாடகக் குழுக்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். கூடத்தில் நடந்த இந்தக் கூத்தை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் ஆர்மோனியத்தின் மேலிருந்த துணியை விலக்கி, ஒரு கறுப்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாட்டைப் போடச் சொன்னார். ஒட்டிக்கொண்டது.

“ஆறரைக் கட்டை,” என்றார். “பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை.”

பிறகு, எழுந்து போகிற போக்கில், “கிதார் வாசிக்கிறவன் தானாக இந்தக் கட்டைக்கு வர மாட்டான். பக்கத்தில் எவனோ பெட்டியோ பியானோவோ வாசித்திருக்கிறான். அவன் சுருதிக்கு இவன் போயிருக்கிறான்,” என்றார்.

ராக் அண்ட் ரோலில் அவர் கேட்டது அந்த ஒரு பாட்டுதான். அதுவும் அரைப் பாட்டு. அந்த எவனோ ஒருவனின் பெயர் எனக்குத் தெரிய வந்தது பல வருடங்கள் கழித்து: ஜானி ஜான்சன்.

மேற்கத்தியர்கள் பி ஃபிளாட் என்று சொல்வதுதான் நம் ஆறரைக் கட்டை. சக் பெர்ரியின் முதல் பாட்டு ‘மேபெலின்’ ஆறரைக் கட்டை. ‘ஜானி பி. கூட்’ ஆறரைக் கட்டை. ‘ரோல் ஓவர் பீத்தோவன்’ ஈ ஃபிளாட், அதாவது இரண்டரைக் கட்டை. பியானோக்காரனுக்கும் சாக்ஸபோன்காரனுக்கும் இந்தச் சுருதிகளில் கை தானாக ஓடும். கிதார்க்காரனுக்கு இவை வாடகை வீடு. உலகம் முழுவதும் கிதார்ப் பாட்டு என்றாலே எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஒரு பாட்டு, கிதாருக்கு வசதியே இல்லாத சுருதியில் இருக்கிறது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட விரலால் காட்டுவது எளிது. பெர்ரி பாடும்போது கிதாரில் பின்னணியாக ஓடும் தாளம் இரண்டு தந்திகளில் இரண்டு சுரங்களைச் சேர்த்துத் தட்டுவது: முதலில் சட்ஜமமும் பஞ்சமமும், அடுத்து சட்ஜமமும் தைவதமும், மறுபடி பஞ்சமம், மறுபடி தைவதம். ஏ-யில் வாசித்தால் சட்ஜமம் திறந்த தந்தி. இரண்டு விரல் வேலைதான், பாடிக்கொண்டே செய்யலாம். ஆறரைக் கட்டையில் திறந்த தந்தி உதவிக்கு வராது. ஆள்காட்டி விரலை ஆறாவது ஃப்ரெட்டில் (வீணையில் மெட்டு என்போமே, அதுதான்) ஊன்றிக்கொண்டு, சுண்டுவிரலைப் பத்தாவது ஃப்ரெட்டுக்கு நீட்ட வேண்டும். இடையில் கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர். ஒரு முறை நீட்டுவது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் நீட்டி மடக்கி நீட்டி மடக்கி, அதே நேரத்தில் வாயால் மூச்சு விடாமல் கதை சொல்ல வேண்டும். இரண்டு நிமிடத்தில் என் முன்கை மரத்துப் போகும். பெர்ரிக்குப் பெரிய கை. ஆனாலும் கை பெரிது என்பதற்காக ஒருவர் இப்படி ஒரு வழியைத் தேடிப் போவாரா?

இதே அசைவைப் பியானோவில் செய்து பாருங்கள். இடது கையின் சுண்டுவிரல் சட்ஜமத்தில் நிற்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாறி மாறி மற்ற இரண்டையும் தொடும். தூங்கிக்கொண்டே வாசிக்கலாம். பூகி-வூகி என்று கறுப்பினப் பியானோக்காரர்கள் மதுக்கடைகளில் விடிய விடிய வாசித்த இடது கை இதுதான். பிற்பாடு ராக் கிதார் என்று உலகம் கற்றுக்கொண்ட தாளம், பியானோவின் இடது கையைக் கிதாரின் இரண்டு தந்திகளுக்குக் குடிமாற்றியது.

அந்த இடது கைக்கு உரியவர்களில் ஒருவர் ஜானி ஜான்சன். பிறந்தது 1924-இல், மேற்கு வர்ஜீனியாவின் ஃபேர்மான்ட் என்ற நிலக்கரி ஊரில். ஐந்து வயதுக்குள் வீட்டுக்கு ஒரு பியானோ வந்தது. ஆசிரியர் கிடையாது, எழுதிய இசை படிக்கத் தெரியாது. வானொலியில் கேட்டதை வாசித்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தார். கறுப்பினத்தவரை அந்தப் படை அப்போதுதான் முதன்முதலாகச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. படையின் இசைக்குழுவிலும் வாசித்தார். போர் முடிந்ததும் டெட்ராய்ட், சிகாகோ என்று அலைந்து, 1952 வாக்கில் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்து, பகலில் ஆலை வேலை, இரவில் பியானோ என்று அமர்ந்தார். மூன்று பேர் குழு. ‘சர் ஜான் டிரியோ’ என்று பெயர். அவர் பியானோ, எபி ஹார்டி டிரம்ஸ், ஆல்வின் பென்னட் சாக்ஸபோன். ஆற்றுக்கு அந்தக் கரையில், ஈஸ்ட் செயின்ட் லூயிஸின் காஸ்மோபாலிட்டன் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

1952 டிசம்பர் 31. புத்தாண்டு இரவு கச்சேரி. பென்னட்டுக்குப் பக்கவாதம். கடைசி நேரத்தில் வேறு சாக்ஸபோன்காரர் கிடைப்பதாக இல்லை; புத்தாண்டு இரவில் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் வாத்தியக்காரரை எங்கே தேடுவது? ஜான்சன் ஒரு கிதார்க்காரரைக் கூப்பிட்டார். அனுபவம் குறைவுதான், பாடவும் செய்வார், அன்று இரவு சும்மா இருந்தார். சார்லஸ் எட்வர்ட் ஆண்டர்சன் பெர்ரி, 26 வயது.

பெர்ரியின் அதுவரையிலான கதை தனிக் கட்டுரைக்கு ஆகும். அப்பா தச்சர், தேவாலயப் பொறுப்பில் இருந்தவர். அம்மா பள்ளியில் வேலை பார்த்தவர். 17 வயதில் நண்பர்களோடு சேர்ந்து கடைகளில் கொள்ளையடித்து, காரையும் பறித்து, மூன்று வருடம் சீர்திருத்தப் பள்ளியில் இருந்து, 21-வது பிறந்த நாளன்று வெளியே வந்தவர். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்திருக்கிறார், துப்புரவு வேலை பார்த்திருக்கிறார், சிகையலங்காரம் படித்திருக்கிறார். கல்யாணம் ஆகிக் குழந்தைகளும் இருந்தார்கள். அவருக்கு வெள்ளைக்காரர்களின் நாட்டுப்புறப் பாட்டின் மீது ஆசை. கறுப்பின ரசிகர்கள் நிறைந்த காஸ்மோவில் நடுவே ஒன்றை எடுத்துவிடுவார். முதலில் சிரித்தார்கள், பிறகு அதைக் கேட்பதற்கென்றே வந்தார்கள்.

ஒரு இரவுக்கு மாற்றாக வந்தவர் தங்கிவிட்டார். சில மாதங்களில் குழு கைமாறியது. சண்டை எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. பெர்ரிக்குப் பேச்சு உண்டு, வேகம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கார் உண்டு. நடக்கிறவனின் செருப்பைவிட ஓடுகிற டயர் மேல் என்ற பொருளில் ஜான்சன் பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு. கச்சேரி பிடிக்கிற வேலையை வேறொருவர் பார்த்துக்கொண்டால், தனக்குப் பியானோவும் பக்கத்தில் ஒரு கிளாஸும் போதும் என்ற மனம் அவருக்கு. அந்தக் கிளாஸ் பின்னால் பெரிய தொல்லையாகவும் ஆனது.

1955 மே மாதம் பெர்ரி சிகாகோ போனார். புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் கச்சேரியைப் பார்த்துவிட்டு, பாட்டுப் பதிவு செய்ய யாரைப் பார்ப்பது என்று அவரிடமே கேட்டார். செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் லெனார்ட் செஸ்ஸைப் பார் என்றார் வாட்டர்ஸ். போய்ப் பார்த்தார், ஊருக்குத் திரும்பி, ஜான்சனையும் ஹார்டியையும் வைத்து ஒரு டேப் தயார் செய்து எடுத்துக்கொண்டு மறுபடி போனார். ‘வீ வீ அவர்ஸ்’ என்ற நிதானமான புளூஸ்தான் செஸ்ஸுக்குப் பிடிக்கும் என்று பெர்ரி எதிர்பார்த்தார். செஸ்ஸோ ‘ஐடா ரெட்’ என்ற பழைய நாட்டுப்புறப் பாட்டைத் தழுவிய இன்னொன்றில் நின்றார். கார்களும் காதலும் துரத்திக்கொண்டு ஓடும் பாட்டு. பெயர் மட்டும் வேண்டாம், மாற்று என்றார். அலுவலகத்தில் கிடந்த கண்மைப் பெட்டியைப் பார்த்து ‘மேபெலின்’ என்று வைத்ததாக ஜான்சன் சொல்லியிருக்கிறார். மே 21-ஆம் தேதி பதிவு. பெர்ரி கிதார், ஜான்சன் பியானோ, வில்லி டிக்சன் பேஸ். திரும்பத் திரும்ப வாசித்தார்கள். முப்பத்தாறு முறை என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கோடையில் கறுப்பினப் பாடல்களின் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் ஐந்தாவது இடம்.

இனிப் பணத்தைப் பார்த்தால்தான் மீதிக் கதை விளங்கும். ஒரு இசைத்தட்டு விற்றால் இரண்டு விதப் பணம் புறப்படும். ஒன்று பாடியவருக்கு. இன்னொன்று பாட்டை இயற்றியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும். அந்த நாளில் அமெரிக்கச் சட்டம் வைத்திருந்த விகிதம் பிரதிக்கு 2 சென்ட். 1909-இல் போட்ட கணக்கு, 1978 வரை மாறவில்லை. ஒரு லட்சம் பிரதி விற்றால் 2,000 டாலர். வழக்கப்படி பாதி பதிப்பாளருக்கு. பெர்ரியின் பாடல்களைப் பதிப்பித்த ஆர்க் மியூசிக்கில் பங்குதாரர்களாகச் செஸ் சகோதரர்களே இருந்தார்கள் என்பதால் அந்தப் பாதி நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி ஆயிரம் இயற்றியவருக்கு. வானொலியில் ஒலித்தால், வேறு யாராவது பாடினால், படத்தில் வந்தால், அவருக்குத் தனியாக வந்துகொண்டே இருக்கும். அவர் இறந்த பிறகு பேரப் பிள்ளைகளுக்கும் வரும். பக்கத்தில் அமர்ந்து பியானோ வாசித்தவருக்கு அன்றைய பதிவுக் கூலி. வாங்கிக்கொண்டு போனால் கணக்கு முடிந்தது.

‘மேபெலின்’ வெளியானபோது அதை இயற்றியவர்கள் என்று மூன்று பெயர்கள் பதிவாகியிருந்தன. பெர்ரி ஒருவர். இரண்டாவது ஆலன் ஃப்ரீட், வானொலியில் இந்த இசையைப் போட்டுப் போட்டே புகழ் பெற்றவர். மூன்றாவது ரஸ் ஃப்ராட்டோ, செஸ் சகோதரர்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்தவர். இருவரும் அந்தப் பாட்டில் ஒரு அசை எழுதியவர்களோ ஒரு சுரம் வாசித்தவர்களோ இல்லை. தட்டை வானொலியில் சுழற்றுவதற்குக் கொடுத்த கையூட்டு அது. பெர்ரிக்கே விஷயம் பின்னால்தான் தெரிந்தது. அந்த ஆயிரத்தில் அவர் பங்கு 333 டாலர். பாட்டு முழுவதும் அவர் பெயருக்குத் திரும்பி வர 1986 ஆயிற்று.

பாட்டைத் தொடாத இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பியானோக்காரருக்குக் கிடையாது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் பெர்ரியின் சார்பில்தான். ஜான்சனின் சார்பில் கோபப்பட வேண்டும் என்று தோன்ற இன்னும் கொஞ்ச காலம் ஆனது. நாமும் தட்டில் உள்ள பெயர்களை மட்டும் படித்துப் பழகியவர்கள்தானே.

பெர்ரி அதிலிருந்து கற்றது ஒன்றே ஒன்று: யாரையும் நம்பாதே, கையில் வாங்கு. பிற்காலத்தில் அவர் ஊர் ஊராகத் தனியாகப் போவார், கையில் கிதார் பெட்டி மட்டும். மேடையில் வாசிக்க உள்ளூர்க் குழு ஒன்றை ஏற்பாட்டாளர்கள் பிடித்து வைத்திருக்க வேண்டும். ரொக்கம் எண்ணிக் கைக்கு வந்த பிறகுதான் மேடை. ஒத்திகை கிடையாது. இளம் வயதில் அப்படி ஒரு இரவு அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர், பின்னாளில் பெரிய ராக் நட்சத்திரமான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். என்னென்ன பாட்டு வாசிக்கப் போகிறோம் என்று கேட்டதற்கு, சக் பெர்ரியின் பாட்டுகளைத்தான் என்று பதில் வந்ததாம். ரொக்கமாக வாங்கிய பணம் வரிக் கணக்கில் வராமல் போய், 1979-இல் மறுபடி சிறை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதிபர் கார்ட்டருக்காக வெள்ளை மாளிகையில் வாசித்திருந்தார்.

அதற்கு முந்தைய சிறைவாசத்தையும் விடாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரசிகர்கள் அதை நாசூக்காகத் தாண்டிவிடுவார்கள். 14 வயதுப் பெண் ஒருத்தியை மாநிலம் விட்டு மாநிலம் கூட்டிவந்த வழக்கு. முதல் விசாரணையில் நீதிபதியின் நிறவெறிப் பேச்சு காரணமாகத் தீர்ப்பு ரத்தானது உண்மை. மறு விசாரணையிலும் குற்றம் உறுதியானது என்பதும் உண்மை. 1962-இலிருந்து 1963 வரை உள்ளே இருந்தார். இந்த மனிதரை நான் நேசிக்கவில்லை. அவருடைய பாட்டுகளை முப்பது வருடமாக விடவும் முடியவில்லை.

ஏன் என்றால், சொல். அந்தக் காலத்து ராக் அண்ட் ரோல் பாட்டுகளில் பாதிக்கு மேல் வெறும் சத்தம். இனிய சத்தம், இருந்தாலும் சத்தம். பெர்ரியின் பாட்டில் பள்ளிக்கூட மணி அடிக்கும், சாப்பாட்டு இடைவேளையில் இடம் கிடைக்காது, காரின் இருக்கைப் பட்டை சிக்கிக்கொள்ளும். எல்லா வரியும் தெளிவாகக் காதில் விழும். ஒரு அசைகூட மென்று விழுங்கப்படாது. பக்கத்தில் பியானோ வாசித்தவருக்கு இதில் பங்கு இல்லை. ஜான்சனும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அவர் விவரித்த முறை எளிமையானது. பெர்ரி சொற்களோடு வருவார். இவர் பியானோவில் அமர்ந்து எதையாவது வாசித்துப் பார்ப்பார். இருவரும் சேர்ந்து இசையைப் பிடிப்பார்கள். அதற்கு என்ன பெயர் என்று அப்போது இருவருமே யோசித்திருக்க மாட்டார்கள்.

‘ஜானி பி. கூட்’ பாட்டில் வரும் ஜானி யார்? படிக்க எழுத அவ்வளவாகத் தெரியாத, ஆனால் மணி அடிப்பது போலக் கிதார் வாசிக்கிற நாட்டுப்புறத்துப் பையன். ஜான்சனை மனதில் வைத்துத்தான் ஆரம்பித்ததாகவும், எழுத எழுதத் தன் கதையாக ஆகிவிட்டதாகவும் பெர்ரி சொல்லியிருக்கிறார். கூட் என்பது பெர்ரி பிறந்த தெருவின் பெயர். குடித்துவிட்டு வம்பு செய்யும் ஜான்சனிடம் ஒழுங்காக இரு என்று சொல்வதும் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. ஆக ஒரு பியானோக்காரரைப் பற்றித் தொடங்கிய பாட்டில் பியானோவைக் கழற்றிவிட்டுக் கிதாரை மாட்டியாயிற்று. இதில் இன்னொரு வேடிக்கை. 1958 தொடக்கத்தில் நடந்த அந்தப் பதிவில் பியானோ வாசித்தது ஜான்சன்கூட இல்லை, லஃபாயெட் லீக் என்றே பெரும்பாலான பதிவுக் குறிப்புகள் சொல்கின்றன. பாட்டுக்குப் பெயர் கொடுத்தவர் பாட்டில் இல்லை. சுருதி மட்டும் அவருடையது.

இன்னும் தோண்டினால் இன்னொரு பக்கவாத்தியக்காரர் கிடைக்கிறார். என்னை அந்தப் பாடு படுத்திய முதல் கிதார் வரி பெர்ரியின் கற்பனை அல்ல. சாக்ஸபோன்காரரும் பாடகருமான லூயி ஜோர்டன் 1946-இல் வெளியிட்ட ஒரு பாட்டின் தொடக்கத்தில் கார்ல் ஹோகன் என்பவர் வாசித்தது; ஏறக்குறைய சுரத்துக்குச் சுரம் அதேதான். பெர்ரி இதை ஒளிக்கவில்லை, ஹோகனின் பெயரைப் பல முறை சொல்லியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று விளங்கும். ஹோகன் மெல்லத் தட்டிவிட்டுப் போகிறார். பெர்ரி கதவை உதைத்துத் திறக்கிறார். அந்த உதை யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கதவு ஹோகனுடையது.

1970-களின் தொடக்கத்தில் ஜான்சன் பெர்ரியை விட்டு விலகினார். பிறகு செயின்ட் லூயிஸின் சிறு விடுதிகளில் வாசிப்பு. அது போதாமல், முதியவர்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கு ஓட்டுநர் வேலை. மருத்துவமனைக்கும் கடைக்கும் போகிற கிழவர் கிழவிகளை வீட்டு வாசலில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அந்த பஸ்ஸில் வானொலி இருந்ததா, அதில் எப்போதாவது ‘மேபெலின்’ ஒலித்ததா என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

1986-இல் பெர்ரிக்கு அறுபது வயது நிறைவு. நம் ஊராக இருந்தால் மணிவிழா எடுத்திருப்பார்கள். அங்கே செயின்ட் லூயிஸ் ஃபாக்ஸ் தியேட்டரில் கச்சேரி வைத்து, இயக்குநர் டெய்லர் ஹாக்ஃபோர்ட் படமாக எடுத்தார். இசைப் பொறுப்பு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிதார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸிடம். அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பியானோவில் உட்கார வைத்தது. படத்தின் டிவிடி என்னிடம் கீறல் விழும் அளவுக்கு ஓடியிருக்கிறது. ஒத்திகையில் ‘கேரல்’ பாட்டின் முதல் வரியை ரிச்சர்ட்ஸ் வாசிக்கிறார். பெர்ரி நிறுத்துகிறார், அப்படி இல்லை என்கிறார். மறுபடி வாசிக்கிறார், மறுபடி நிறுத்துகிறார். உலகப் புகழ் பெற்ற கிதார்க்காரரைச் சின்னப் பையனைப் போல நிற்க வைத்துப் பழிவாங்குகிறார். ரிச்சர்ட்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிறார். எல்லோரும் இந்தக் காட்சியைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் பார்ப்பது பியானோ இருக்கும் பக்கத்தை. இவர்கள் கர்வம் எல்லாம் அடங்கட்டும், சுருதி எங்கேயும் போய்விடாது என்பது போல அந்தப் பெரிய உருவம் அங்கே அமர்ந்திருக்கிறது.

அதே படத்தில் ரிச்சர்ட்ஸ் விஷயத்தை உடைத்துச் சொல்கிறார். இந்தப் பாட்டுகளின் சுருதிகள் கிதாரின் சுருதிகள் இல்லை, பியானோவின் சுருதிகள், ஜானி ஜான்சனின் சுருதிகள் என்கிறார். டிவிடியை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். பெரியப்பா காலமாகி அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. அவருக்குப் படம் எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

அந்தப் படத்தால் ஜான்சனுக்கு அறுபது வயதுக்கு மேல் இன்னொரு வாழ்க்கை கிடைத்தது. பஸ் வேலையை விட்டார். சொந்தப் பெயரில் இசைத்தட்டுகள் வந்தன. கிதார்க்காரர் எரிக் கிளாப்டனோடு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார். ரிச்சர்ட்ஸின் பேச்சுக்குப் பிறகு, அவர் காதில் பலரும் அதையே ஓதியிருக்க வேண்டும்: அண்ணா, பாதி உன்னுடையது ஐயா. 2000 நவம்பரில் பெர்ரி மீது வழக்குத் தொடுத்தார். டஜன் கணக்கான பாட்டுகளில் தான் கூட்டாக இசையமைத்ததாகவும், பங்கு வேண்டும் என்றும். ‘ரோல் ஓவர் பீத்தோவன்’, ‘ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்’ எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

2002-இல் வழக்கு தள்ளுபடியானது. இப்படிப்பட்ட உரிமையைக் கேட்க அமெரிக்கச் சட்டம் கொடுக்கும் அவகாசம் மூன்று வருடம். பாட்டுகளுக்கோ ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. யார் இயற்றினார்கள் என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போக வேண்டிய அவசியமே வரவில்லை.

நான் நீதிபதியாக இருந்திருந்தால்? சுருதியை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. ஆறரைக் கட்டை நிரூபிப்பது பெர்ரி யார் பக்கத்தில் அமர்ந்திருந்தார் என்பதை; மெட்டு யாருடையது என்பதை அல்ல. சாக்ஸபோன்களுக்கு நடுவே வாசித்த எந்தக் கிதார்க்காரரும் இந்தச் சுருதிகளுக்குப் பழகியிருப்பார், ஹோகன் உட்பட. ஜான்சன் தனியாக வெளியிட்ட இசைத்தட்டுகளில் இன்னொரு ‘மேபெலின்’ இல்லை என்று பெர்ரியின் கட்சிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜான்சன் இல்லாத பெர்ரியும் பின்னாட்களில் அப்படி ஒன்றைத் தரவில்லை என்று இந்தக் கட்சிக்காரனாக நான் பதில் சொல்வேன். பாட்டின் சொற்களுக்கு முழுப் பங்கும் பெர்ரிக்கு. இசையில் ஜான்சனுக்கும் ஒரு கை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த நியாயம். தன் முதல் பாட்டிலேயே முன்பின் சம்பந்தமில்லாத இருவருக்குப் பங்கு பறிபோனவர், சம்பந்தப்பட்ட ஒருவருக்குத் தானாக ஒரு பங்கு எழுதித் தந்திருக்கலாம். அடிபட்டவர்கள் அப்படி எழுதித் தருவதில்லை போலும்.

இந்த இசையின் பெரும் பெயர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், 1986-இல் முதன்முதலாகக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் அணியிலேயே பெர்ரியைச் சேர்த்துக்கொண்டது. ஜான்சனைச் சேர்த்தது 2001-இல், வழக்கு நடந்துகொண்டிருந்தபோது. பக்கவாத்தியக்காரர்களுக்கென்று அதற்கு முந்தைய வருடம்தான் தனிப் பிரிவு ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கதவு வழியாக உள்ளே போனார். 2005 ஏப்ரலில் செயின்ட் லூயிஸில் காலமானார், வயது 80. பெர்ரி 2017 வரை இருந்தார். அதே ஊரில் புளூபெர்ரி ஹில் என்ற உணவகத்தின் கீழ்த்தளத்தில், எண்பது வயதைத் தாண்டியும் மாதம் ஒரு முறை வாசித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பதிவுகள் எல்லாம் மோனோ. இடது காதில் கிதார், வலது காதில் பியானோ என்று பிரித்துக் கேட்க வழியில்லை. ஒரே ஒலிவாங்கிக் காலத்துக் கூட்டம் போல எல்லாம் ஒன்றாகக் கட்டிக் கிடக்கும். ‘மேபெலின்’ பாட்டில் பியானோ இருக்கிறதா என்றே முதலில் சந்தேகம் வரும். கிதார் அடைக்காத இடுக்குகளில் எல்லாம் வலது கையின் மேல் சுரங்கள் மழைத்துளி மாதிரி விழுந்துகொண்டிருக்கும். ஒரு முறை காதில் பட்டுவிட்டால் பிறகு அதை விட்டுவிட்டுக் கேட்க முடியாது.

அந்தத் தட்டின் எண் செஸ் 1604. அதைத் திருப்பிப் போட்டால், செஸ் வேண்டாம் என்று ஓரம் கட்டிய ‘வீ வீ அவர்ஸ்’ இருக்கிறது. இயற்றியவர் சக் பெர்ரி என்று ஒரே பெயர். பின்னிரவு, யாரோ ஒருத்தியை நினைத்துக்கொண்டு தூக்கம் வராமல் இருப்பவனின் பாட்டு. பெர்ரி அவசரமில்லாமல் இரண்டு வரி பாடிவிட்டு ஒதுங்குகிறார். நடுவில் கிதாரும் அடங்கிவிடுகிறது. ஜான்சன் வலது கையை மேல் கட்டைகளுக்குக் கொண்டுபோய் ஒரே இடத்தில் நின்று நடுக்குகிறார், நடுக்கிக்கொண்டே மெல்லப் படியிறங்கி வருகிறார், இடது கை கீழே அதே நிதானத்தில் நடந்துகொண்டிருக்கிறது. கேட்டுவிட்டு நான் இன்னொரு முறை போடுகிறேன். பெரியப்பாவின் ஆர்மோனியம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. கறுப்புக் கட்டைகளில் ஒன்று மட்டும் விரல் பட்டுப் பட்டு நிறம் மங்கியிருக்கிறது.